முப்பத்தொரு சங்கிலி ஆறு அணா

'சுமார்' என்ற சொல்லை என் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தவர் புனேயில் போபோடிப் பகுதியில் இருந்த ஒரு பெண்மணி. கட்கிப் பக்கம் ஒரு ராணுவத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'மேல்' என்று நான் எழுதியிருப்பதை அவர் பார்த்தால் எத்தனை மாதம், எத்தனை நாள் மேல் என்று கேட்டு என் உயிரை எடுத்துவிடுவார். பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் புனேயில்தான். ஆனால் குடும்பம் ஆரணிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த தமிழைச் சிந்தாமல் வைத்திருந்தார்.

நான் கோயம்புத்தூர்க்காரன். கம்ப்யூட்டர் வேலைக்காகப் புனேயின் பாணேர் பகுதிக்கு வந்து, உட்கார்ந்தே சம்பாதித்து, உட்கார்ந்தே சர்க்கரையும் வாங்கிக்கொண்டவன். நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் மிரட்டிய சமயத்தில், புனேத் தமிழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிச் சுற்றுவட்டாரத் தாலுகாக்களில் உள்ள குடைவரை, படிக்கிணறு, வீரக்கல் என்று பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்து சேர்ந்துகொண்டேன். எனக்குக் கொஞ்சம் பெரிய தொண்டை. அதனால் போகிற இடத்தைப் பற்றிப் பேசும் வேலை என் தலையில் விழுந்தது. பஸ்ஸில் போகும்போதே போனில் படித்துவிட்டு, இறங்கியதும் ஏதோ பிறவி ஞானி மாதிரி பேசுவேன்.

முதல் நாள் ஒரு வீரக்கல். "இது சுமார் எண்ணூறு வருஷம் பழசுங்க. சுமார் ஆறடி உயரம். சுமார் ஒரு டன் எடை இருக்கும். இந்த வீரன் சுமார் முப்பது வயசுல..." என்று நான் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, ஒரு நிமிசம். இதுவரைக்கும் எத்தினி சுமாரு சொன்ன, தெரியுமா? நாலு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தோள்பையிலிருந்து ஓர் அளவு நாடாவை எடுத்து அதன் நுனியை என் கையில் கொடுத்தார். பிறகு ஒரு தோசைத் திருப்பியையும் எடுத்தார். நிஜமான தோசைத் திருப்பி, மரப்பிடி போட்டது. கல்லின் அடியில் குந்தி, சேர்ந்திருந்த புழுதியை அதால் ஒதுக்கினார்.

"தலைய நம்பாத தம்பி. கால் எங்க கீதுன்னு பாரு. அங்கிருந்து அளக்கணும்."

காலிலிருந்து அளந்தும் ஐந்தடி இரண்டு அங்குலம்தான் வந்தது. "ஆறடின்னியே. மீதி பத்து அங்குலத்த எங்க வச்சிகினு கீற?" என்று கேட்டுவிட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு முழுக்க மூஞ்சி சுண்டிப் போயிருந்தது. அன்றிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் டேப் அக்கா. முகத்துக்கு முன்னால் வெறும் அக்கா.

ஒருமுறை போபோடியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப் பத்தே காலுக்குப் போனதால் டீ ஆறியிருந்தது. வேறு போட்டுத் தரவில்லை. வாசல் கதவு நிலையில் பென்சிலால் ஒரு பழைய கோடு இருந்தது. அது பிள்ளைகள் வளர்ந்த கோடு இல்லை, நான் பார்க்கிற உயரத்தில் இருந்தது. அவர் கணவர் மெதுவாகப் பேசுகிறவர். கோட்டைக் காட்டி என் காதருகே சொன்னார்.

"அது நான்தாம்பா. இது அவங்கப்பா வூடு. பொண்ணு பாக்க வந்தப்ப மாப்ள ஒசரம் இன்னான்னு கேட்டாங்க. எங்கப்பா சுமாரா அஞ்சே முக்கால்னுட்டாரு. உள்ளேர்ந்து இவ வந்து, கதவாண்ட நில்லுன்னா. ஷூவ கழட்ட சொன்னா. மூணு அங்குலம் கம்மி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. பொய் சொன்னது உங்கப்பாதானே, நீ இல்லியேன்னு சொல்லி கட்டிகினா."

ஏன் இப்படி என்று அவரிடமே ஒரு நாள் கேட்டேன். பெரிய கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். "கதல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க செக்ஷன்ல ட்ராயிங்ல சுமார்னு எழுதுனா பெரியவரு கிய்ச்சி கையில குடுத்துடுவாரு. கிய்ச்சது ரெண்டு தபா. மூணாவது தபா நான் எழுதல" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கிணற்றுக்கு வருகிறேன்.

புனேயிலிருந்து எஸ்.டி. என்கிற சிவப்பு அரசு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால், ஒரு தாலுகாவின் கோடியில் வெங்காயமும் கரும்பும் விளையும் ஒரு கிராமம். ஊருக்கு வெளியே சாலையோரத்தில் கல்லால் கட்டிய ஒரு படிக்கிணறு. மேலிருந்து பார்த்தால் தரையில் ஒரு சதுரப் பள்ளம் மட்டும் தெரியும். இறங்கினால்தான் அது எவ்வளவு பெரியது என்று புரியும். மூன்று திருப்பமாகப் படிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மாடம். கடைசி மாடத்தில் குங்குமம் பூசிய ஏழு சின்னக் கற்கள். தண்ணீர் காக்கும் ஏழு அக்கா தங்கைகள் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் கன்னிமார் ஏழு பேரும் பஸ் பிடித்து இங்கே வந்து உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

அக்கா கும்பிடவில்லை. படிகளை அளந்தார். மேல்படியிலிருந்து தண்ணீர் தொடும் படி வரைக்கும், ஒவ்வொன்றாக. அன்று மதியம் சாப்பாட்டுக்குக்கூட ஏறி வரவில்லை. கடைசியில் நோட்டை மூடிவிட்டு, ஈரக் கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு படிக்கும் ஒரு படிக்கும் விரக்கடை வித்தியாசம் இல்ல தம்பி" என்றார். "இத்த வெட்டுனவன் எங்க செக்ஷன் ஆளு."

சொல்லிவிட்டு அந்தப் படியை இன்னொரு முறை தடவிக்கொடுத்தார். அவர் தலைக்கு மேலே, கிணற்றின் கைப்பிடிச் சுவரில், மஞ்சள் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. சாலையை அகலப்படுத்துகிறார்கள், மழைக்காலம் முடிந்ததும் கிணற்றை மூடிவிடுவார்கள் என்றார் எங்களோடு இறங்கி வந்திருந்த உள்ளூர் விவசாயி ஒருவர்.

"பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை ஏதும் இல்லையா?" என்று மராத்தியில் கேட்டார் அக்கா.

விவசாயி தலையில் அடித்துக்கொண்டார். "இருக்கிறதே, என் வெங்காய வயலில்! வந்து பாருங்கள்."

போய்ப் பார்த்தோம். கிணற்றிலிருந்து நாலைந்து வயல் தள்ளி, வெங்காயத்துக்கு நடுவில் நீல நிறத்தில் ஒரு பலகை நின்றது. இது பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை என்று அதில் எழுதியிருந்தது. சுற்றிலும் வெங்காயம்தான். பலகையில் ஓர் ஆடு கட்டியிருந்தது.

"என் மாமியார்கூட என் வீட்டில் இத்தனை வருஷம் தங்கியதில்லை. இது அசைய மாட்டேன் என்கிறது" என்றார் அந்த விவசாயி. "பாதுகாக்கப்பட்ட இடம் என்று போர் போட அனுமதி தர மறுக்கிறார்கள். எதைப் பாதுகாக்கிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை."

இந்தக் கூத்து எப்படி நடந்தது என்று அக்கா தாலுகா நில ஆவண அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்து கண்டுபிடித்தார். கிணற்றைப் பாதுகாத்து அந்தக் காலத்தில் வந்த அறிவிப்பில் அது இருக்கும் நிலத்தின் எண் நாற்பத்தேழு. பிற்பாடு துண்டு துண்டாகக் கிடந்த நிலங்களை ஒன்றுசேர்த்தபோது ஊர் முழுக்க எண்களை மாற்றிவிட்டார்கள். பழைய நாற்பத்தேழு புதிய நூற்றுப் பன்னிரண்டு ஆனது. வெங்காய வயலுக்குப் புதிய எண் நாற்பத்தேழு. அதற்கும் பின்னால் பலகை நட வந்த புண்ணியவான் பழைய அறிவிப்பையும் புதிய வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, நாற்பத்தேழைத் தேடிப்பிடித்து, வெங்காயத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இதைக் காகிதத்தோடு கொண்டுபோய்க் காட்டியும் சாலைப் பொறியாளர் மசியவில்லை. பழைய வரைபடத்தில் கிணறு என்று ஒரு வட்டம் இருக்கிறது, சரி. அது இதே கிணறுதான் என்று என்ன நிச்சயம்? அந்த நிலத்தில் வேறொரு கிணறு இருந்து தூர்ந்திருக்கலாமே என்றார். அளந்து நிரூபித்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அக்காவிடம் போய் யாராவது இந்தச் சவாலை விடுவார்களா?

பழைய அளவைப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. ஊர் எல்லைக் கல்லிலிருந்து கிணற்றின் முதல் படிக்கு முப்பத்தொரு சங்கிலி ஆறு அணா. அந்தக் காலத்தில் இங்கே நிலம் அளக்க முப்பத்து மூன்றடிச் சங்கிலி. அதில் பதினாறில் ஒரு பங்குதான் அணா, இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். ('கொஞ்சம்' எவ்வளவு என்று அக்கா சொன்னார். நான் மறந்துவிட்டேன்.)

அரசாங்க நில அளவையாளர் வந்து அளக்கும் நாள் குறித்தார்கள். காலையிலேயே ஊர் கூடிவிட்டது. எல்லைக் கல் முள்ளுக்குள் கிடந்ததால் அதுவரை யாரும் கிட்டே போனதில்லை. விவசாயியும் அவர் தம்பிகளும் முள்ளை வெட்டிப்போட்டு, கல்லின் தலையை வெளியே கொண்டுவந்தார்கள். அளவையாளர் நல்ல மனிதர், வயதானவர். முக்காலியில் இயந்திரத்தைப் பூட்டி, கல்லின் தலைக்கு நேராக வைத்து, கிணற்றின் முதல் படியைக் குறிபார்த்தார். சாலைப் பொறியாளர் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு ஜீப்பில் சாய்ந்து நின்றார்.

கணக்குப் போட்டு முடித்த அளவையாளர் தலையைச் சொறிந்தார். முப்பத்தொரு சங்கிலி ஐந்து அணா. ஓர் அணா குறைகிறது.

ஊர் மொத்தமும் அவரைச் சுற்றி நெருக்கியது. அளவையாளர்தான் முதலில் சிரித்தார். "தாயி" என்றார் அக்காவைப் பார்த்து. மராத்தியில் தாயி என்றால் அக்கா. "எந்தக் காலத்துச் சங்கிலியோ, வெயிலுக்கு நீண்டிருக்கும். ஓர் அணாதானே? 'அந்தாஜே பரோபர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கவலைப்படாதீர்கள்."

அந்தாஜே பரோபர். சுமாராகச் சரி.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விவசாயி இரு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அப்போது அக்கா, "எழுதாதீங்க" என்றார். முதலில் தமிழில் சொல்லி, பிறகு மராத்தியில் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அக்கா, கும்பிட்டுக் கேக்கறனுங்க, விட்டுப்போடுங்க. அவரே சரிங்கறாரு, உங்களுக்கென்னங்க்கா? ரெண்டடிக்காகக் கெணத்தையே மூடிருவாங்களே!"

"தாயி, என் நிலமும் இதில்தானே மாட்டிக்கொண்டிருக்கிறது" என்று விவசாயியும் கெஞ்சினார். கூட்டத்தில் யாரோ, இந்த அம்மாவை யார் கூப்பிட்டது என்று முணுமுணுத்தார்கள். நியாயமாகப் பார்த்தால் நானும் அதையேதான் நினைத்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார். "அந்த ஜீப்காரர் மூஞ்சப் பாரு. சிரிக்கிறாரா இல்லியா? அந்தாஜேன்னு ஒரு வார்த்த ரிப்போர்ட்ல விழுந்தா போதும், மேல எடுத்துகினு போயி இது வேற கெணறுன்னு சாதிச்சிடுவாரு. சுமாருன்றது ஓட்ட தம்பி. அதுல ரோட்டு ரோலரே பூந்து போவும்."

பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அக்கா கல்லைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்று வந்தார். பிறகு புடவையைச் சொருகிக்கொண்டு குந்தி, பையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்தார். கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கல்லைச் சுற்றி மண்ணைச் சுரண்டி, காதைத் தரையில் வைக்காத குறையாகக் குனிந்து பார்த்தார். எழுந்து அளவையாளரிடம் கேட்டார்: "கல்லை அசைக்க மாட்டேன். பக்கத்து மண்ணை மட்டும் எடுக்கட்டுமா?"

அவர் தலையசைத்தார். விவசாயி மண்வெட்டியோடு இறங்கினார். வாய்க்கால் வண்டல் வருஷா வருஷம் வந்து மூடிய மண், பொலபொலவென்று வந்தது. ஒரு முழம் போனதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கல் நேராக நிற்கவில்லை. எப்போதோ வண்டியோ டிராக்டரோ மோதி, கிணற்றுப் பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே புதைந்திருந்தது. நாங்கள் அளந்தது அதன் தலையிலிருந்து. கால் இன்னும் பின்னால், இன்னும் ஆழத்தில் இருந்தது.

கடைசிக் கைப்பிடி மண்ணை அக்காவே தோசைத் திருப்பியால் வழித்தார். கல் முதலில் ஊன்றிய குழி தெரிந்தது. குழியின் அடியில் கறுப்பாக ஒரு கை கரி.

அளவையாளர் இளம்பிள்ளை மாதிரி குழிக்குள் குதித்துவிட்டார். "கோள்ஸா! கோள்ஸா!" என்று கத்தினார். கரிதான். அந்தக் காலத்து அளவையாளர்கள் எல்லைக் கல்லை நடும் முன் அடியில் கரியைக் கொட்டுவார்களாம். கல் நகர்ந்தாலும் கரி மக்காது, நகராது. தன் தொழிலில் காதால் மட்டுமே கேட்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்ப்பதாகச் சொல்லி, அதை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

முக்காலி மறுபடி எழுந்தது, இந்த முறை கரிக்கு நேராக. கிணற்றங்கரையில் குறிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். கோல் சாய்கிறது என்று தூரத்திலிருந்தே என்னைத் திட்டினார் அக்கா. அளவையாளர் காகிதத்தில் கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. மறுபடி போட்டார். பிறகு காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கி, ஊருக்கே கேட்கும்படி கூவினார்.

"முப்பத்தொரு சங்கிலி! ஆறு அணா!"

அடுத்து நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. எங்கிருந்தோ பறை வந்தது. விவசாயி என்னை இடுப்பில் கட்டித் தூக்கினார், நான் எடை குறையாமல் இருந்தும். பெண்கள் அக்காவின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் அப்பினார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். சாலைப் பொறியாளர் குளிர்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அக்கா தோசைத் திருப்பியை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு தோச சுடணும்" என்றார். அப்புறம்தான் அவருக்கும் கண் கலங்கியது.

மூன்று மாதம் கழித்துத் திருத்திய உத்தரவு வந்தது. விவசாயி அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போபோடிக்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நில எண் நூற்றுப் பன்னிரண்டு. படிக்கிணறு. எல்லைக் கல்லின் அடியிலிருந்து தூரம் இவ்வளவு. அந்த எண்ணுக்கு முன்னால் விரலை நிறுத்தி, என்னைப் பார்த்தார். அந்தாஜே என்ற சொல் அங்கே இல்லை. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவர் கணவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "என்னக் கட்டிகினப்பகூட இப்டி சிரிக்கல" என்றார்.

பலகையைப் பிடுங்கும் பாக்கியத்தை அந்த விவசாயிக்கே கொடுத்தார்கள். மாமியாரை வழியனுப்புகிறேன் என்று அதற்கு மாலை போட்டு, டிராக்டரில் ஏற்றி, பறையடித்துக் கிணற்றுக்குக் கொண்டுவந்தார். அந்த வாரமே வெங்காய வயலில் போர் போட்டார். தண்ணீர் வந்துவிட்டது என்று அக்காவுக்குப் போன் செய்தார். எத்தனை அடியில் என்று அக்கா கேட்டிருக்கிறார். "அந்தாஜே..." என்று ஆரம்பித்த மனிதர் சட்டென்று நிறுத்தி, இருங்கள் தாயி, குழாயை எண்ணிவிட்டு வருகிறேன் என்று போனை வைத்துவிட்டாராம்.

அதற்கடுத்த வருஷம் அக்காவும் அவர் கணவரும் வேலூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் போன மாதம் அந்த வழியாகப் போனேன். புதுச் சாலை, நல்ல அகலம், பஸ் பறந்தது. கிணறு வரும் இடத்தில் சாலை சட்டென்று ஒரு பக்கமாக வளைந்தது. பஸ்ஸில் எல்லோரும் சாய்ந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையில் வைத்திருந்த டீ சட்டையில் கொட்டிவிட்டது.

"நேராகப் போகிற ரோட்டில் எந்த மடையன் இந்த வளைவைப் போட்டது?" என்று மராத்தியில் கத்தினார்.

"எங்கள் அக்கா" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கைப்பிடிச் சுவரில் மஞ்சள் பெயிண்ட் மங்கிப் போயிருந்தது. படியில் இரண்டு பெண்கள் குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நீலப் பலகை தெரிந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவில்லை. அதன் காலைப் பார்த்தேன். சுற்றிக் கல் அடுக்கி, சிமென்ட் பூசி, நேராக நின்றது.